புதுச்சேரித் திண்ணை
புதுச்சேரியின் பழைய நகரைப் பகல் முழுதும் சுற்றிவருவோர் நின்று நிதானித்துப் பார்க்கத்தக்கவற்றுள் ஒன்று, பெரிய வாய்க்காலுக்கு மேற்கே வைசியாள் வீதி போன்ற தமிழர் தெருக்களில், வாசலின் இருபுறமும் சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்ட மேடையான திண்ணை. தெருப்பக்கம் சரிந்திறங்கும் ஓட்டுக் கூரையாகிய தாழ்வாரம் வெயிலைத் தடுத்து நிற்க, நீற்றிய சுண்ணாம்பைப் பதமாக அரைத்து, மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஈரம் வற்றுமுன் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிய கொத்தனாரின் பொறுமை, நண்பகலிலும் உள்ளங்கைக்குக் குளிர்ச்சியாகப் புலப்படுகிறது. தலை சாய்க்க ஏதுவாக ஓரத்தில் எழுப்பப்பட்ட திண்டின் வழவழப்பும், மரத்தூண்களில் கைபட்டுக் கைபட்டுக் கூடிய மினுமினுப்பும் அழகுதாம். ஆயினும், இத்தனை கைத்திறனும் வீட்டாருக்கு மட்டுமன்றி, முன்பின் அறியாத வழிப்போக்கரின் இளைப்பாறலுக்காகவும் செலவிடப்பட்டதே திண்ணையின் தனிச்சிறப்பு.