சாதனைக் கதைகளில் தொலைந்த பாடசாலை

மானிப்பாயில் ஒரு நண்பரின் வீட்டு விறாந்தையில் பேசிக்கொண்டிருந்தோம். ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்ல மனிதர். பேச்சு 1990க்குத் திரும்பியதும், "அது பெரிய பிழைதான். ஆனா உங்கட பிள்ளையள் புத்தளத்தில படிச்சு நல்லா வந்திட்டினம்தானே" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு ஆறுதலாயிருக்கவில்லை. அந்த வசனத்தை அவருக்கு எழுதிக் கொடுத்தவர்கள் நாங்களல்லவா!

நமது பாராட்டு விழா மலர்களைப் புரட்டிப் பாருங்கள். ஓலைக் கொட்டில், குப்பி விளக்கு, விடாமுயற்சி, பட்டம், பொன்னாடை என்று எல்லாக் கதைகளும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. வெளியேற்றம் முதற் பந்தியிலேயே முடிந்துவிடும். 1990 ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அத்தனையும் கதாநாயகன் தாண்டிச் செல்லும் ஒரு தடையாகச் சுருங்கிவிடுகிறது.

மல்கம் எக்ஸின் சுயசரிதையை இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1965இல் வெளிவந்த நூல் அது. ஆறு வயதில் தந்தையை இழந்தவர், தாய் மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டதும் உடன்பிறப்புகளைப் பிரிந்து அந்நியர் வீடுகளில் வளர்ந்தவர், பின்னர் சிறைக்குப் போனவர். அங்கே அகராதியைப் பக்கம் பக்கமாகப் பார்த்தெழுதிச் சொற்களைக் கற்றார். ஆனால் தன் மனவுறுதியை மட்டும் சொல்லி அவர் நிறுத்தவில்லை. சிறை நூலகத்தைச் சொல்கிறார். தன் குடும்பத்தைச் சிதைத்தவர்களையும் சொல்கிறார். கல்வி அவருக்குக் கேள்வி கேட்கும் வாயைத் தந்தது. நமது கதைகளிலோ கல்வி கேள்வியை மூடும் மூடியாகிவிட்டது.

எழுதப்படாதவை எத்தனை! தம் பாடசாலைகளையே நெரித்து இடம் தந்த புத்தளத்து மக்கள். சம்பளமோ கட்டடமோ நிச்சயமில்லாத நாட்களிலும் கொட்டகைகளில் படிப்பித்த இடம்பெயர்ந்த ஆசிரியர்கள். மாவட்ட அடிப்படையிலான பல்கலைக்கழக அனுமதியால் அகதிப் பிள்ளைக்கும் ஊர்ப் பிள்ளைக்கும் இடையே எழுந்த கசப்பு. இவற்றைச் சொல்லாமல் 'தன்முயற்சி' என்று மட்டும் எழுதுவது நன்றிகெட்டதனம்.

இன்னொரு கூட்டமும் விடுபடுகிறது. கற்பிட்டி வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய்ப் படிப்பை விட்ட பிள்ளைகளுக்கு மனவுறுதி குறைவா? பட்டதாரியின் கதையை இப்படியே எழுதினால் வாசகர் அப்படித்தான் விளங்கிக்கொள்வார்.

மன்னாரைச் சேர்ந்த பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் இழப்புகளை ஊர் ஊராகத் திரட்டி ஆவணப்படுத்தினார். 2011இல் குடிமக்கள் ஆணைக்குழுவின் அறிக்கையும் வந்தது. ஆய்வு செய்த வேலையை நமது இலக்கியம் கண்ணெடுத்துப் பார்க்க வேண்டும். சாதித்தவர்களைப் பாராட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர்களுடைய கதையை முழுதாகச் சொல்லுங்கள் என்கிறேன்.

அன்று நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "ஓம் சேர், படிச்சவங்கள் படிச்சாங்கள். ஆனா அவங்கள் படிச்சிருக்க வேண்டியது இங்க, உங்கட பிள்ளையளோட." அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இதையும் எழுதுங்கோ" என்றார்.