தைப்பேயில் அண்ணாந்து பார்க்காதீர்கள்

தைவான் தலைநகர் தைப்பே முதல் பார்வையில் ஏமாற்றும். மழையில் கறுத்த ஓடு பதித்த சுவர்கள், ஜன்னலுக்கு ஜன்னல் துருப்பிடித்த கம்பிக் கூண்டு, அதில் தொற்றிக்கொண்டிருக்கும் ஏசி பெட்டி. முதுகில் மூட்டையோடு மெட்ரோ படியேறி வெளியே வந்த நானும் தோழியும், ‘இதற்கா இவ்வளவு காசு சேர்த்தோம்?’ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வந்ததும் வராததுமாக அண்ணாந்து பார்த்ததுதான் நாங்கள் செய்த பிழை.

இந்த ஊர் தரைத்தளத்தில் வாழ்கிறது. பழைய தெருக்களில் மாடி முன்னுக்கு நீண்டிருக்க, கீழே தூண் வரிசைக்கு உள்ளே ஒரு நடைவழி ஓடும். சிங்கப்பூர், பினாங்குத் தமிழர் ‘அஞ்சடி’ என்பார்களே, அதே குடும்பம்தான். ஜப்பானியர் ஆண்ட 1895–1945 காலத்தில் இது ஒழுங்குபட்டு நகரெங்கும் பரவியது. இடம் வீட்டுக்காரருக்குச் சொந்தம்; நடக்கும் உரிமை ஊருக்குச் சொந்தம். தன் வாசலுக்கு முன் அவரவரே தளம் போட்டுக்கொள்வதால் பத்தடிக்கு ஒரு தரை: சொரசொரப்பான சிமெண்ட், அடுத்து மொசைக், அரைப்படி ஏற்றம், ஒரு சரிவு, பிறகு மழை நாளில் ஆளைச் சாய்க்கும் வழவழ டைல்ஸ். செருப்பைப் பார்த்துப் போடுங்கள்.

மூட்டையை விடுதியில் போட்டுவிட்டு, ஃபோனைப் பைக்குள் வைத்துவிட்டு, இப்படி ஒரு நடைவழியில் ஒரு மணி நேரம் நடந்தால் போதும். ஸ்கூட்டர் மெக்கானிக் எண்ணெய்க் கையோடு குந்தியிருப்பார். இரண்டு தூண் தள்ளி நூடுல்ஸ் வேகும் அண்டா. நடுவில் முக்காலி போட்டு ஒரு பாட்டி கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். கடையா, வீட்டு வாசலா, தெருவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்தக் குழப்பத்தைத்தான் ரசிக்க வேண்டும்.

தொடங்க நல்ல இடம் திஹுவா தெரு. காய்ந்த காளான், கணவாய்க் கருவாடு, நாட்டு மருந்து வேர், தேயிலை என்று சில அடிகளுக்குள் வாசனை மாறும். கண்ணை மூடிக்கொண்டே கடையைச் சொல்லிவிடலாம். 1869-இல் தைவான் ஊலாங் தேயிலை நேரே நியூயார்க்குக்குக் கப்பலேறியது; அந்த வியாபாரத்தில் வளர்ந்த பேட்டை இது. இங்கே மட்டும் விதியை மீறி அண்ணாந்து பாருங்கள். பூவேலை செய்த மாடி முகப்புகளெல்லாம் தேயிலையும் துணியும் மருந்தும் சம்பாதித்துக் கொடுத்தவை. தைப்பே 101 கோபுரத்துக்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டாம். 508 மீட்டர் உயரம். நீங்கள் தேடாவிட்டாலும் ஏதாவது ஒரு தெருமுனையில் அதுவே வந்து நிற்கும்.

மாலையில் காதுக்கு வேலை. முதல் நாள், எங்கிருந்தோ பெத்தோவனின் ‘ஃபூர் எலீஸ்’ கிணுகிணுவென்று கேட்டதும் ஐஸ்கிரீம் வண்டி என்று நாக்கைச் சப்புக்கொட்டி ஓடினோம். வந்தது மஞ்சள் குப்பை லாரி. தெருவில் குப்பை தரையைத் தொடக் கூடாது என்பது ஏற்பாடு. லாரி வரும்போது கையோடு கொண்டுபோய்ப் போட வேண்டும். 2000 முதல், மாநகராட்சி விற்கும் பைக்குக் காசு கொடுத்து அதில்தான் கட்டிப் போட வேண்டும். புதனும் ஞாயிறும் லாரிக்கு விடுமுறை. பாட்டுக் கேட்கும் முன்பே தெருமுனையில் போய் நில்லுங்கள். அரைக்கால் சட்டையோடு இறங்கிவரும் அலுவலர், பேத்தியை இழுத்துக்கொண்டு வரும் தாத்தா, பையைக் கீழே வைக்காமலே வம்பளக்கும் பெண்கள். நம் குழாயடியேதான், குடம் மட்டும் இல்லை. எந்த அருங்காட்சியகத்திலும் இந்த ஊர் மனிதர்களை இவ்வளவு கிட்டத்தில் பார்க்க முடியாது என்பேன்.

இரவுச் சந்தையில் மூக்கைப் பொத்தவைக்கும் பண்டம் நாற்ற டோஃபு. பொரித்ததிலிருந்து தொடங்குங்கள். மணம் காற்றில்தான் மிரட்டும்; வாய்க்குள் போனதும் மொறுமொறுப்பும் புளித்த கோஸும் முந்திக்கொள்ளும். சைவர்கள் எச்சரிக்கை: ஊறவைக்கும் நீரில் இறால் சேர்க்கும் கடைகளும் உண்டு. 素 என்ற எழுத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அந்தப் பலகை தொங்கும் பௌத்த சைவக் கடைகள் பலவற்றில் வெங்காயம், பூண்டுகூட இராது. மெட்ரோவில் மட்டும் வாயைத் திறக்காதீர்கள். தண்ணீர் குடித்தாலும் அபராதம்.

கடைசியாக, 1738-இல் எழுந்த லோங்ஷான் கோயில். தூண்களைப் படம் பிடிக்கும் கூட்டத்தை விட்டு ஒதுங்கி, டக், டக் என்று தரையில் கட்டை விழும் சத்தம் வரும் பக்கம் போங்கள். சிவப்புப் பிறை வடிவில் இரண்டு மரத்துண்டு. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. மனதுக்குள் கேள்வி கேட்டுக் கீழே போடுகிறார்கள். ஒன்று தட்டையாகவும் ஒன்று உருண்டையாகவும் விழுந்தால் சம்மதம். இரண்டும் உருண்டைப் பக்கம் காட்டினால் இல்லை. இரண்டும் தட்டையாக மல்லாந்தால் சாமி சிரிக்கிறது. கேள்வி சரியில்லை, மறுபடி கேள்.

தோழி போட்டாள், “நாளைக்காவது மழை விடுமா?” என்று. இரண்டும் மல்லாந்து விழுந்தன. பக்கத்தில் நின்ற அம்மாளுக்கும் சிரிப்பு. பொறுக்கி மறுபடி போடச் சொல்லிச் சைகை காட்டினார்.