இருசிறகும் குங்கிலியமும்: ஒரு மரக்குடும்பப் பெயரின் தமிழாக்கம்

சித்தூர், திருப்பதி வட்டாரங்களைத் தழுவிய சேஷாசல மலைத்தொடரில் தம்பகம், ஜாலாரி என்னும் இரு வன்மரங்கள் வளர்கின்றன. தாவரவியலார் இவற்றை டிப்டிரோகார்ப்பேசிக் குடும்பத்துள் அடக்குவர். இக்குடும்பப் பெயரைத் தமிழாக்கச் சொற்பொருள் நெறி, வழக்கு நெறி என இரண்டு உள. அவற்றின் தகுதி இங்கு ஆராயப்படுகிறது.

1825இல் புளூம் அமைத்த இப்பெயர், இரண்டு, சிறகு, கனி எனப் பொருள்படும் மூன்று கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. ‘இருசிறகுக் கனிக்குடும்பம்’ என்பது சொல்லுக்குச் சொல் சரியே. ஆயின், டிப்டிரோகார்ப்பஸ் முதலிய சில பேரினங்களின் கனிக்கே இரு நெடுஞ்சிறகுகள் உண்டு. தம்பகமும் ஜாலாரியும் சார்ந்த ஷோரியாவில் பொதுவாக மூன்று நெடுஞ்சிறகும் இரு குறுஞ்சிறகும் அமையும். மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக் குங்கிலிய மரத்துக் கனிக்குச் சிறகே இல்லை. கிரேக்க வடிவில் பொருள் மறைந்து நிற்றலால் இம்முரண் உறுத்துவதில்லை. தமிழாக்கத்திலோ பெயர் வரையறையாகவே ஒலிக்கிறது. பயில்வோர் பிழைபட உணர்வர்.

‘குங்கிலியக் குடும்பம்’ என்பது வழக்கு நெறி. குங்கிலியக்கலய நாயனார் பெயரால் இச்சொல்லின் பழமை விளங்கும். எனினும் இது பிசினின் பெயர். மரக்குடும்பத்தின் எல்லையை அறியாதது. கருங்குங்கிலியம் தரும் மரம் பர்சரேசிக் குடும்பத்தது. ஒலியால் நெருங்கிய வடமொழிக் குக்குலுவும் அக்குடும்பத்ததே. குக்குலுவைக் குங்கிலியம் என்று பெயர்க்கும் மருத்துவ நூல் மொழிபெயர்ப்பு, ஒரு சரக்கின் இடத்தில் வேறொன்றை வைத்துவிடும்.

இலக்கிய வழக்கும் ஐயத்துக்கு இடமானதே. வால்மீகி கூறும் ஏழு சால மரங்கள் கம்பரிடம் மராமரங்கள் ஆயின. சங்கப் பாடல்களின் மராஅமோ கடம்பின் வகையாகவே கொள்ளப்படுகிறது. வடிவொற்றுமை கண்டு இரண்டையும் ஒன்றெனக் கோடல் பொருந்தாது.

ராக்ஸ்பர்க்கின் நெறி இங்கு நோக்கத்தக்கது. பேரினத்துக்குக் கவர்னர் ஜெனரல் ஜான் ஷோரின் பெயரைச் சூட்டிய அவர், சிற்றினத்துக்குத் ‘தம்பகம்’ என்னும் மண்ணின் வழக்கையே ‘டம்பகையா’ என இலத்தீனாக்கினார். ஓர் இனத்தைச் சுட்டும் இடத்தில் மக்கள் வழக்கு தெளிவு தருகிறது. பல இனங்களைத் தொகுக்கும் இடத்தில் அதே வழக்கு மயக்கம் விளைக்கிறது. ஆகவே தம்பகம், ஜாலாரி என்பவற்றை அவ்வாறே வழங்கி, குடும்பப் பெயரை ஒலிபெயர்த்து, சொற்பொருளை விளக்கமாக மட்டும் தருதலே மொழிபெயர்ப்பாளர்க்கு ஏற்ற நெறி எனலாம். பெயரின் பொருள் வேறு. பெயர் சுட்டும் பொருள் வேறு.