சின்ன நீராவி எஞ்சினை எப்படி ரசிப்பது?

வீட்டுப் பட்டறையில் புதுப்பித்த பழைய மாடல் நீராவி எஞ்சினை முதல்முறை பார்க்கிறவர்களின் கண் பளபளப்பில்தான் போய் விழும். பித்தளை மின்னும், பெயின்ட் புதுசாக இருக்கும், சக்கரத்தின் ஆரங்களே தெரியாத வேகத்தில் எஞ்சின் சுற்றும். பார்க்க அழகுதான். ஆனால் வேலை நன்றாக நடந்திருக்கிறது என்பதற்கு இவை எதுவும் சாட்சி ஆகாது. நீராவிக்குப் பதிலாகக் கம்ப்ரஸர் காற்றைத் தாராளமாகத் திறந்துவிட்டால் தேய்ந்து ஆடிப்போன எஞ்சின்கூட ஓடும். அதனால் உரிமையாளரிடம் ஒன்று கேளுங்கள்: "எவ்வளவு மெதுவாக ஓடும், கொஞ்சம் காட்டுங்களேன்." விஷயம் தெரிந்தவர் என்றால் அவர் முகம் மலரும்.

மெதுவாக ஓடுவதில் என்ன பெருமை? பிஸ்டன் மேலேறி முடிக்கிற இடத்திலும் கீழிறங்கி முடிக்கிற இடத்திலும் நீராவி எவ்வளவு தள்ளினாலும் கிராங்க் திரும்பாது. டெட் சென்டர் என்பார்கள். அந்த இடத்தைத் தாண்ட வைப்பது ஃப்ளைவீல் என்ற சக்கரத்தில் சேர்ந்திருக்கும் வேகம் மட்டுமே. வேகத்தைக் குறைக்கக் குறைக்க அந்தச் சேமிப்பும் கரைகிறது. அப்போது பிஸ்டன் தண்டு துளி வளைந்திருந்தாலும், பேரிங் ஒரு பக்கம் பிடித்தாலும், வால்வு கசிந்தாலும் எஞ்சின் அங்கேயே நின்றுவிடும். நிற்காமல், திணறாமல், ஒவ்வொரு சுற்றையும் கண்ணால் எண்ணும்படி ஓடினால் உள்ளே எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த ரசனையைப் பழக ஸ்டூவர்ட் 10வி மாதிரி நல்ல எஞ்சின் இல்லை. சிலிண்டரின் விட்டம் முக்கால் அங்குலம், பிஸ்டனின் ஓட்டமும் முக்கால் அங்குலம், உள்ளங்கையில் நிற்கும். இங்கிலாந்தின் ஹென்லி ஊருக்கு அருகே ஷிப்லேக்கில் இருந்த ஸ்டூவர்ட் டர்னர் 1898-இல் தன் முதல் மாடல் எஞ்சினை வடிவமைத்தார். 1906-இல் அவருடைய தொழில் நிறுவனமாயிற்று. பெர்சிவல் மார்ஷல் 'தி மாடல் எஞ்சினியர்' இதழைத் தொடங்கியதும் அதே 1898-இல்தான். ஸ்டூவர்ட் எஞ்சின்கள் பெரும்பாலும் கடைசல் செய்யாத வார்ப்புகளாகவே விற்பனையாயின. வாங்கியவர்தான் வீட்டு லேத்தில் கடைந்து, அராவி, துளை போட்டு, மரை வெட்டி எஞ்சினாக்க வேண்டும். ஆகவே ஒரே மாடலில் நூறு எஞ்சின் இருந்தால் நூறும் வேறு வேறு கைகள். இன்று ஒருவர் புதுப்பிக்கும்போது, முகம் தெரியாத ஒரு பழைய வேலைக்காரரின் நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே கையில் எடுக்கிறார். எதைத் திருத்தினார், எதை விட்டுவைத்தார் என்று கவனிப்பதில்தான் எனக்கு அதிக மகிழ்ச்சி.

கண்ணுக்குப் பிறகு காது. 10வி இருபக்கமும் தள்ளுகிற எஞ்சின்; பிஸ்டனின் மேலும் கீழும் மாறிமாறி நீராவி ஏறும். ஒரு சுற்றுக்கு இரண்டு மூச்சு விடும். அந்த இரண்டும் ஒரே அளவாக, தாளம் பிசகாமல் கேட்க வேண்டும். ஒன்று ஓங்கியும் ஒன்று ஒடுங்கியும் கேட்டால், சிலிண்டர் பக்கத்துப் பெட்டிக்குள் இருக்கும் ஸ்லைடு வால்வு நடுவில் உட்காரவில்லை. இதைச் சரிசெய்வது அழகான வேலை. மூடியைக் கழற்றி, ஃப்ளைவீலைக் கையால் மெல்லத் திருப்பி, மேல் வழி எவ்வளவு திறக்கிறது, கீழ் வழி எவ்வளவு திறக்கிறது என்று எட்டிப் பார்க்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் வால்வுத் தண்டின் திருகைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி சுற்றிப் பார்க்க வேண்டும். தலைமுடி கனத்தில் விளையாட்டு. மூடியை மாட்டிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. காதுக்கு மட்டும் தெரியும்.

எண்ணெய்க் குப்பியையும் தேடிப் பாருங்கள். நீராவிக் குழாயோடு ஒட்டிய சின்னப் பித்தளைக் கிண்ணம் அது. உள்ளே புகும் நீராவியில் கொஞ்சம் குளிர்ந்து தண்ணீராகி எண்ணெய்க்கு அடியில் தங்கும். அந்தத் தண்ணீர் ஏற ஏற எண்ணெய் மேலெழும்பி, துளித்துளியாக நீராவியோடு சேர்ந்து சிலிண்டருக்குப் போகும். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. நீராவியும் எண்ணெயும் கலந்த அந்த வெதுவெதுப்பான வாசனை இதிலிருந்துதான் வருகிறது.

அடுத்து நட்டுகள். பழைய பிரிட்டிஷ் மாடல்களில் பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) மரைதான் வழக்கம், 7 பி.ஏ. போல்ட்டின் கனம் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர். நட்டும் எஞ்சினின் அளவுக்குப் பொருந்திச் சிறிதாக இருக்கும். தொலைந்துபோனவற்றுக்குப் பதிலாகக் கடையில் கிடைத்த தடித்த நட்டையோ, நட்சத்திரத் திருப்புளிக்கான திருகையோ மாட்டியிருந்தால் எஞ்சினின் முகமே மாறிவிடும். முனை மழுங்காத, ஒரே குடும்பத்து நட்டுகள் வரிசையாக நின்றால் புதுப்பித்தவர் பொறுமைசாலி.

பெயின்ட் பற்றி என் கருத்து சிலருக்குப் பிடிக்காது. பழைய பெயின்ட் பாதிக்கு மேல் நிற்கிறதென்றால் அதைச் சுரண்டி எடுப்பது தவறு. அழுக்கைத் துடைத்து, துரு வந்த இடத்தை மட்டும் நிறுத்தினால் போதும். சிலர் வார்ப்பின் சொரசொரப்பைக்கூட அராவி வழவழப்பாக்கிவிடுகிறார்கள். முதலில் செய்தவரின் சுவடு அதோடு போய்விடுகிறது.

பர்மிங்ஹாமின் மாமாட் (1937-இல் தொடங்கியது), ஜெர்மனியின் வில்லெஸ்கோ போன்ற பொம்மை எஞ்சின்களை இதே தராசில் நிறுக்கக் கூடாது. அவற்றில் பலவற்றுக்கு ஸ்லைடு வால்வே கிடையாது. சிலிண்டரே அப்படியும் இப்படியும் ஊசலாடி நீராவி வழியைத் திறந்து மூடும். அந்த எளிமையைத்தான் அங்கே ரசிக்க வேண்டும்.

கடைசியாக பாய்லர். இங்கே ரசனைக்கு முன்னால் எச்சரிக்கை வேண்டும். தண்ணீர் சாதாரண அழுத்தத்தில் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு விரியும். பழைய பித்தளை பாய்லரில் துத்தநாகம் கரைந்து உலோகம் வலுவிழந்திருக்கலாம், வெளியே பார்த்தால் தெரியாது. ஈயப்பற்று வைத்ததென்றால், தண்ணீர் வற்றிய நேரத்தில் பற்றே உருகிவிடும். பழைய உறையிலும் பேக்கிங்கிலும் கல்நார் இருக்கக்கூடும். நல்ல கைவேலைக்காரர் பாய்லரில் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்துக்கு மேலே ஏற்றிச் சோதித்த பிறகே நெருப்பு வைப்பார். தண்ணீர் சோதனையில் கசிந்தால் நனையும், வெடித்துச் சிதறாது. ஏலத்திலோ இணையத்திலோ பழைய எஞ்சின் ஒன்றை வாங்கினால், அந்தச் சோதனை முடியும்வரை அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். அதுவரை குறைந்த அழுத்தக் காற்றிலேயே ஓட்டிப் பாருங்கள்.