மூன்று மணி நேரப் பொறுப்பு

2019 மக்களவைத் தேர்தலின் முதற்கட்ட வாக்குப்பதிவுக்கு மூன்று வாரம் இருந்தபோது, ஃபேஸ்புக், வாட்ஸ்அப், ட்விட்டர், கூகுள், ஷேர்சாட், டிக்டாக் நிறுவனங்கள் சேர்ந்து தேர்தல் ஆணையத்திடம் ஒரு நெறிமுறையை அளித்தன. தன்னார்வ நெறிமுறை என்று பெயர். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நாங்களாகவே கட்டுப்படுகிறோம் என்று பொருள். அந்த ஆண்டு செப்டம்பரில், இனி வரும் எல்லாத் தேர்தல்களுக்கும் இது பொருந்தும் என்றும் ஒப்புக்கொண்டார்கள். சமூக ஊடக நிறுவனங்களைத் தேர்தல் விஷயத்தில் பதில் சொல்ல வைக்க இந்தியாவில் உள்ள தனி ஏற்பாடு என்று சொன்னால் இன்றுவரை இதுதான்.

இதன் பயனைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பிரசாரத்துக்குத் தடை விதிக்கிறது. மேடையையும் தொலைக்காட்சியையும் மனத்தில் வைத்து எழுதிய பிரிவு அது. இணையத்தை அதற்குள் கொண்டுவரும் வழியை ஆராய துணைத் தேர்தல் ஆணையர் உமேஷ் சின்ஹா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அந்த 48 மணி நேரத்தில் விதிமீறல் என்று ஆணையம் சுட்டிக்காட்டும் பதிவு மூன்று மணி நேரத்துக்குள் நீக்கப்பட வேண்டும் என்பது அக்குழுவின் பரிந்துரை. நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டன. நாடாளுமன்றம் கூடிச் சட்டம் திருத்தும் வரை காத்திருந்தால் இது நடந்திருக்காது. அரசியல் விளம்பரத்துக்குப் பணம் கொடுத்தவர் பெயர் வெளியே தெரியத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். ஃபேஸ்புக்கின் விளம்பர நூலகத்தில் எவரும் போய்த் தேடலாம். சுவரொட்டியில் அச்சக முகவரி தேடுவதைவிட இது எளிது.

ஆனால் அந்தத் தேர்தலில் இந்த ஏற்பாடு எவ்வளவு வேலை செய்தது? ஆணையம் சுட்டிக்காட்டிய 909 பதிவுகள் மீது நிறுவனங்கள் நடவடிக்கை எடுத்தன. வாக்காளர் எண்ணிக்கை 90 கோடிக்கு மேல். ஏழு கட்டமாக நடந்த தேர்தலில் பரவிய படங்களையும் காணொளிகளையும் யாராலும் எண்ண முடியாது. அவற்றின் பக்கத்தில் 909ஐ நிறுத்திப் பார்த்தால், நிறுவனங்கள் ஆணையத்துக்குக் கீழ்ப்படிந்தன என்பது மட்டும் தெரிகிறது. தங்கள் தளங்களின் விளைவுக்குப் பொறுப்பேற்றார்கள் என்பதற்கு அது சான்றாகாது.

இந்த நெறிமுறையின் அடிப்படைக் கோளாறு இங்கேதான் இருக்கிறது. அது பதிவை மட்டும் பார்க்கிறது. பதிவைத் தூக்கிக்கொண்டு போய்ப் பத்து லட்சம் பேர் கண்முன் வைத்தது எது என்று கேட்பதில்லை. ஒரு பொய்யை ஒருவர் எழுதுகிறார், முப்பது பேர் படிக்கிறார்கள். அதே பொய்யை இன்னொருவர் எழுதுகிறார், மாநிலம் முழுக்கப் போகிறது. நடுவில் நிற்பது நிறுவனத்தின் பரிந்துரை முறை. அதைப் பற்றி நெறிமுறையில் ஏதும் இல்லை. பரப்பும் வேகத்தைக் குறைக்க முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. குழந்தை கடத்தல் வதந்தியால் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட பிறகு, 2018இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் மாற்றியது. எந்தச் செய்தியையும் படிக்காமல், எதையும் நீக்காமல் செய்த மாற்றம் அது. உயிர்கள் போன பிறகுதான் செய்தார்கள் என்பது வேறு கதை.

இரண்டாவது கோளாறு, பதில் யாருக்குச் சொல்லப்படுகிறது என்பது. 2024 ஏப்ரலில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ், ஆம் ஆத்மி, சந்திரபாபு நாயுடு, பாஜகவின் சாம்ராட் சவுத்ரி ஆகியோரின் பதிவுகளை நீக்கும்படி எக்ஸ் (முந்தைய ட்விட்டர்) தளத்துக்கு ஆணையம் உத்தரவிட்டது. தாமதமானபோது, இது தன்னார்வ நெறிமுறையை மீறுவதாகும் என்று மறுபடி எழுதியது. தன்னார்வம் எப்போது கட்டாயமாகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது. தேர்தல் முடியும்வரை பதிவுகளை மறைத்த எக்ஸ், தனக்கு உடன்பாடில்லை என்று அறிவித்து, வந்த உத்தரவுகளையும் வெளியிட்டது. இனி இத்தகைய உத்தரவுகள் அனைத்தையும் ஆணையமே வெளியிட வேண்டும் என்றும் கேட்டது. எக்ஸின் நோக்கத்தை நான் நம்ப வேண்டியதில்லை. ஆனாலும் அரசியல் சாசன அமைப்பு ஒன்றிடம் வெளிப்படைத்தன்மை கேட்கும் இடத்தில் ஒரு தனியார் நிறுவனம் நின்றது என்பது நமக்குப் பெருமை இல்லை. எந்தப் பதிவு, ஏன் நீக்கப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டிய வாக்காளர் இந்தப் பேச்சில் எங்குமே இல்லை.

அடுத்த மாதமே டீப்ஃபேக் எனப்படும் செயற்கைப் போலிகள் பற்றி ஆணையத்திடமிருந்து ஓர் உத்தரவு வந்தது. கவனத்துக்கு வந்த மூன்று மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று, இம்முறை கட்சிகளுக்கு. மறைந்த தலைவர்கள் கருணாநிதி, ஜெயலலிதா இருவரையும் செயற்கை நுண்ணறிவு மூலம் பேசவைத்துத் தமிழகக் கட்சிகள் அதற்குள் ஒத்திகையே பார்த்துவிட்டிருந்தன.

அப்படியானால் ஐரோப்பாபோல் கடுமையான சட்டம் போட்டுவிடலாமா? அங்கே டிஜிட்டல் சேவைகள் சட்டப்படி, மிகப் பெரிய தளங்கள் தேர்தலுக்குத் தாங்கள் விளைவிக்கக்கூடிய ஆபத்தைத் தாங்களே மதிப்பிட்டுக் குறைக்க வேண்டும். தவறினால் உலக அளவிலான ஆண்டு வருவாயில் 6 சதவீதம் வரை அபராதம். கேள்வி பதிவைப் பற்றியதாக இல்லாமல் தளத்தின் இயக்கத்தைப் பற்றியதாக இருப்பதால், எனக்கு இதுவே சரியான திசை என்று படுகிறது. ஆனால் ருமேனியாவைப் பாருங்கள். 2024 நவம்பரில் நடந்த அதிபர் தேர்தலின் முதல் சுற்றில், டிக்டாக்கில் திடீரென எழுந்த கலின் ஜார்ஜெஸ்கு ஏறத்தாழ 23 சதவீத வாக்குகளுடன் முதலிடம் பிடித்தார். பிரசாரச் செலவு ஏதுமில்லை என்று கணக்குக் காட்டியவர் அவர். டிசம்பர் 6இல் அரசியல் சாசன நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது. வெளிநாட்டில் இருந்த ருமேனியர்கள் இரண்டாம் சுற்றுக்கு வாக்களிக்கத் தொடங்கியிருந்தார்கள். டிக்டாக் மீது ஐரோப்பிய ஆணையம் விசாரணை தொடங்கியது அதற்கும் பதினொரு நாள் கழித்து. 2025 மே மாதம் மறுதேர்தல் நடந்து புது அதிபர் வந்தபோதும் அந்த விசாரணை முடியவில்லை. வாக்காளர்களின் வாக்கு செல்லாமல் போக இரண்டு வாரம் போதுமாக இருந்தது. நிறுவனம் பதில் சொல்லும் நேரம் மட்டும் அதற்குள் வரவில்லை.

ஆக, நம்முடையது வேகமாக, தவறான இடத்தில் கை வைக்கிறது. அவர்களுடையது சரியான இடத்தில், மிகத் தாமதமாக. இரண்டுக்கும் பொதுவான குறை, வெளியில் இருப்பவர் எளிதில் சரிபார்க்க முடியாதது. எது எவ்வளவு பரவுகிறது என்று ஆய்வாளர்களும் செய்தியாளர்களும் பார்க்க உதவிய கிரவுட்டாங்கிள் என்ற கருவியை ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2024 ஆகஸ்டில் மூடியது. அமெரிக்கத் தேர்தல் முடியும்வரையாவது வைத்திருங்கள் என்ற கோரிக்கை எடுபடவில்லை. எவரும் தேடக்கூடிய விளம்பர நூலகம் பணம் கொடுத்துப் பரப்பியதைத்தான் காட்டும். பணம் தராமல் பரவியதும், வேறு பெயரில் பணம் தந்ததும் அதில் தெரியாது.

பரிந்துரை முறைக்கும் தரவு அணுகலுக்கும் சட்டம் தேவை; அதை நாடாளுமன்றம்தான் செய்ய வேண்டும். தேர்தல் ஆணையம் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நிறுவனங்களுக்கு அனுப்பும் ஒவ்வொரு நீக்க உத்தரவையும் காரணத்தோடு தன் இணையதளத்தில் வெளியிடட்டும். நீக்கும்போது அந்தப் பதிவு எத்தனை பேரைச் சென்றடைந்திருந்தது என்ற எண்ணிக்கையை நிறுவனத்திடம் கேட்டு வாங்கி, அதன் பக்கத்திலேயே போடட்டும்.