வட்ட மேசையும் தனி வாசலும்

கற்றல் வெளியை எப்படி வடிவமைப்பது என்று கல்லூரிகளில் இப்போது நிறையப் பேசுகிறார்கள். நகர்த்தும் நாற்காலி, வட்ட மேசை, கண்ணாடிச் சுவர். சரி, யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதை எந்த வரைபடம் சொல்கிறது?

அடையாறு பக்கம் சென்னை ஐ.ஐ.டி. 1959இல் வந்தது. மரமும் மானும் உள்ள வளாகம். 2018 டிசம்பரில் அங்கே ஓர் உணவுக்கூடத்தில் சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனி வாசல், தனிக் கைகழுவும் இடம் என்று சுவரொட்டி இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்தார்கள். எங்க ஊர் டீக்கடையில ரெண்டு டம்ளர் வெச்சவனுக்கு இன்ஜினியரிங் பட்டம் ஏதும் கிடையாது. அதே வளாகத்தில்தான் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தை 2015 மே மாதம் ரத்து செய்தார்கள். நாடெங்கும் கூச்சல் எழுந்த பிறகு ஜூனில் திருப்பிக் கொடுத்தார்கள். மேசை வட்டமாக இருக்கலாம், ஆட்கள் வட்டமாக உட்கார்ந்தால்தான் வம்பு.

நான் தங்கிப் படித்த விடுதியில் அறைக்கு ஒரு குண்டு பல்பு. படிக்கிறவன் தூங்குகிறவனிடம் திட்டு வாங்குவான். எங்கள் கற்றல் வெளி தெருவிளக்கடி.

ஆகவே எனக்குப் பெரிதாகத் தெரிவது கல்லூரிக்கு வெளியே, கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்க அங்கே தனிக் கூடம் வைத்தார்கள். மேசை, விளக்கு, ஃபேன், தண்ணி. அதையும் 2011இல் குழந்தைகள் மருத்துவமனையாக்கப் பார்த்தார்கள், நீதிமன்றம் தடுத்தது. போன மாதம் அங்கே ஒரு விடுதிப் பையனைப் பார்த்தேன். "சீக்கிரம் வந்துடணும்ணே, இல்லேன்னா எடம் கெடைக்காது" என்றான்.