சுழலும் புரொப்பல்லரும் ஷட்டரும்

பறக்கும் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தை 1/1000 நொடியில் எடுத்த படத்தில் எல்லாம் துல்லியமாக இருக்கும். விமானம் மட்டும் உயிரற்றுத் தொங்கும். காரணம் புரொப்பல்லர். அதன் மெர்லின் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது, பல்சக்கரங்கள் வேகத்தைக் குறைத்துக் கொடுக்க, புரொப்பல்லர் சுமார் 1400 முறை சுழலும். 1/1000 நொடியில் பிளேடு நகர்வது 8 டிகிரிதான்; எஞ்சின் நின்றுபோனதாகவே கண்ணுக்குப் படும். 1/60 நொடி கொடுத்தால் சுமார் 140 டிகிரி நகரும். மூன்று பிளேடுகளும் கலந்து மெல்லிய வட்டத் திரையாகிவிடும், அதனூடே பின்னாலிருக்கும் மேகமும் தெரியும். ஆனால் அந்த நேரம் முழுவதும் கேமரா விமானத்தை ஒரே சீராகப் பின்தொடர வேண்டும். கை சற்றே தடுமாறினால் இறக்கையின் ரிவெட்டுகள் கரைந்துவிடும். அந்தக் கைத்திறனுக்குத்தான் என் பாராட்டு.

வரலாற்று ஆர்வலர்கள் மறுப்பார்கள்: ஸ்பிட்ஃபயரின் முதல் மாதிரியில் இரண்டு பிளேடு, பிறகு மூன்று, மார்க் 9 வகையில் நான்கு, மார்க் 14 வகையில் ஐந்து, எண்ண முடியாத படம் எதற்கு? நியாயமான கேள்வி. ஆனால் அதற்குத் தரையில் நிற்கும்போது எடுத்த படம் போதும். புரொப்பல்லரே இல்லாத ஜெட்டை என்ன செய்வது என்பதுதான் கடினமான ஆட்சேபம். அங்கே காற்றே சாட்சி சொல்ல வேண்டும். 1999 ஜூலையில் அமெரிக்கக் கடற்படையின் ஜான் கே, கான்ஸ்டலேஷன் கப்பலிலிருந்து எடுத்த எஃப்/ஏ-18 ஹார்னெட் படத்தில், விமானத்தைச் சூழ்ந்து வெண்கூம்பு ஒன்று நிற்கிறது. ஒலித்தடை உடையும் கணம் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அழுத்தம் சட்டென்று குறைந்து, குளிர்ந்த காற்றிலுள்ள ஈரம் திவலைகளாவதுதான் அது; ஒலிவேகத்துக்குச் சற்றுக் கீழேயும் உருவாகும். அங்கே வேகமான ஷட்டர்தான் சரி, ஏனென்றால் விமானத்தின் வேகத்தை அந்த மேகமே காட்டிவிடுகிறது.